தொட்டுக் கும்பிட்ட ஸ்கிரம்

லாலாங்மேட்டுத் தோட்டத்து மாரியம்மன் ஆற்றைக் கண்டு நான்கு பங்குனிகள் கடந்துவிட்டன.

மலாக்காப் பக்கத்து ரெம்பியாவுக்கு உள்ளே, ரப்பர்ப் பால்மரக் காட்டின் நடுவே இருந்தது அந்தத் தோட்டம். வெள்ளையர் அரசின் அவசரகாலச் சட்டம் வந்த கையோடு தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி இரட்டைக் கம்பிவேலி எழுந்தது. வேலிக்கு ஒரே வாசல். வாசலுக்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு இரண்டு துப்பாக்கி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, பால் வாளிக்குள்ளும் கையை விட்டுத் துழாவிய பிறகே ஆட்களை வேலைக்கு விட்டார்கள். ஆட்களுக்கே இந்தப் பாடு என்றால் தேருக்கு எங்கே வழி? திருவிழாவில் ஆற்றங்கரை வரை சென்று நீராடி வரவேண்டிய அன்னை, கோயிலிலிருந்து ரப்பர் ஸ்டோர் வரை உருண்டு, முள்கம்பியைப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்பினாள்.

அவளிடம் நேர்ந்துகொண்டவர்களும் வாடினார்கள். பிள்ளைகளுக்கு முதல் முடி இறக்குவது ஆற்றங்கரையில், தேர் நிலைகொண்ட நிழலில்தான் என்பது அத்தோட்டத்து வழக்கம். தேர் போகவில்லை, ஆகவே முடியும் இறங்கவில்லை. லயத்து வாண்டுகள் ஆண் பெண் வேறுபாடின்றி இரட்டைப் பின்னலும் சிவப்பு ரிப்பனுமாகக் கோலி விளையாடிக்கொண்டிருந்தன.

அவற்றுள் நீளமான பின்னல் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தம்புசாமியின் மகள் ஜெயாவுடையது. பிறந்த ஆண்டே காய்ச்சலில் கண்மூடிக் கிடந்த குழந்தைக்காக அவன் அம்மன் முன்னே நின்று, “உன் தேர் நிழலில் இவள் முடியை இறக்குகிறேன் தாயே” என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டான். குழந்தை பிழைத்தாள், வாசல் பூட்டப்பட்டது. இப்போது அவள் கூந்தல் இடுப்பைத் தொட்டது. காலைதோறும் சீப்பை நடுவில் வைத்துத் தாய்க்கும் மகளுக்கும் நடந்த போரில் மூன்றாம் லயம் முழுதும் விழித்துக்கொண்டது.

“சாமி முடின்னு கத்திரிய கிட்டக் கொண்டுபோக முடியல. இவ சீப்பையும் கிட்ட விடமாட்டேங்குறா. வேண்டிக்கிட்டது நீங்கதானே? நீங்களே வந்து சிக்கெடுங்க!” என்று கமலவேணி சீப்பைக் கணவன் கையில் திணிப்பாள்.

தம்புசாமி சிக்கெடுப்பான். எடுக்க எடுக்க, கொடுத்த வாக்கும் அந்தச் சிக்கைப் போலவே விரலில் சுற்றிக்கொள்ளும். வெள்ளிதோறும் அம்மன் சந்நிதியில் நின்று பதிகம் பாடுகிறவன் அவன். அவன் முதலடி எடுத்தால் தோட்டமே அடுத்த அடியைப் பிடித்துக்கொள்ளும். பாடிய வாயால் சொன்ன சொல் பொய்த்துப்போய்க்கொண்டிருக்கிறதே என்பதுதான் அவனுக்கு நெஞ்சில் தைத்த முள்.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு பிறந்ததும், தோட்ட நிர்வாகி ஈவான்ஸ் துரையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வட்டாரப் போலீஸ் அதிகாரி கார்ட்டர் துரையிடம் போய் நின்றான்.

கார்ட்டர் கடுமையானவர், கெட்டவர் அல்லர். “இருநூறு பேர் கூட்டம்” என்றார். “வழியில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் இருநூறு திசையில் ஓடுவார்கள். என் ஆட்கள் யாரைக் காப்பார்கள்? அனுமதி இல்லை.”

“எங்கள் தேர்க்காரர்கள் ஓடமாட்டார்கள், ஐயா. ஒரு சொல்லுக்கு நிற்பார்கள், ஒரு சொல்லுக்கு நகர்வார்கள்” என்றான் தம்புசாமி.

“எட்டுப் பேர் ஒரு சொல்லுக்கு நகர்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும், இளைஞனே. பத்து வருடமாக ரக்பி ஆடுகிறேன்.”

தம்புசாமி வாய் திறப்பதற்குள் ஈவான்ஸ் துரை முந்திக்கொண்டார். அவர் வேல்ஸ் நாட்டுக்காரர். அந்நாட்டார் மூச்சு விடுவதற்கு அடுத்தபடி செய்வது ரக்பி ஆடுவது. அதற்கும் அடுத்தபடி கூட்டமாக நின்று தோத்திரம் பாடுவது. “இந்தக் கிராணி மலாக்கா இங்கிலீஷ் பள்ளியில் ரக்பி ஆடியவன், கார்ட்டர். இந்த மாதக் கடைசியில் உன் போலீஸ் அணிக்கும் எங்கள் தோட்ட நிர்வாகிகள் அணிக்கும் ஆட்டம். முன்னே முட்டித் தள்ளும் என் எட்டுப் பேரில் பாதிப்பேர் சீமைக்குப் போய்விட்டார்கள். அந்த எட்டு இடத்திலும் இவனுடைய தேர்க்காரர்களை இறக்குகிறேன். என்ன சொல்கிறாய்?”

கார்ட்டர் சிரித்தார். அவரே போலீஸ் அணியின் ஸ்கிரமில், எட்டுப் பேர் தோள்பின்னி முட்டித் தள்ளும் வியூகத்தில், முன்வரிசையின் நடு ஆள். அந்த ஸ்கிரமை மலாக்காவில் ஒருவரும் அசைத்ததில்லை. “சரி. ஆட்டத்தில் வெல்லவும் வேண்டாம். என் எட்டுப் பேரை ஒரே ஒரு முறை தள்ளிக்கொண்டே போய் எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டட்டும். உங்கள் தேர் என் வாசலைத் தாண்டட்டும்.”

அன்று மாலையே கோயிலடியில் ஆள் சேர்ந்தது. முதலில் வந்தவர் மருதமுத்துக் கங்காணி. கமலவேணிக்குத் தாய்மாமன், தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர், உருளும் சக்கரத்தின் அடியில் கட்டையை வீசித் தேரைத் திருப்புகிற கை. கழுத்தும் தோளும் ஒன்றாய் வளர்ந்த உடம்பு. அடுத்து, வடத்தின் தலைப்பைப் பிடிக்கும் இருளாண்டி. பனைமரம் நடந்து வருவதுபோல வருவான். பிறகு பால்வெட்டும் சின்னத்தம்பி; குள்ளன், ஆனால் காலில் குரங்கின் வேகம். மற்ற ஐவரும் வடம் பிடித்துக் காய்த்த கையினர்.

தம்புசாமி முட்டை வடிவப் பந்தைக் காட்டினான்.

“என்னா மாப்பிள்ளை, பந்து நசுங்கிப் போயிருக்கே?” என்றார் மருதமுத்து.

“பந்தே அப்படித்தான், மாமா.”

“வெள்ளக்காரன் பந்தைக்கூட ஒழுங்கா உருட்டத் தெரியாம நாட்டை உருட்டுறான் பாரு!”

சிரிப்பு அடங்கியதும் தம்புசாமி விளக்கினான். முன்வரிசையில் மூவர், கைகளைத் தோள்மேல் போட்டுப் பின்னிக்கொள்ளவேண்டும். நடுவரிசையில் இருவர், முன்னவர் இடுப்புகளின் இடையே தலையைச் செருகித் தோளால் முட்டவேண்டும். பின்வரிசையில் மூவர். எதிரணியும் அவ்வாறே வரும். இரு களிறுகள் மத்தகத்தோடு மத்தகம் மோதுவதுபோல இரு எட்டும் மோத, நடுவே பந்து உருட்டப்படும். முன்வரிசையின் நடு ஆள் அதைக் காலால் கொத்திப் பின்னே தள்ளவேண்டும். இதுதான் ஸ்கிரம். சின்னத்தம்பி நடு ஆள், அவனுக்கு வலத்தோள் மருதமுத்து, அவர் பின்னே இருளாண்டி. உருட்டுவதும் குரல் கொடுப்பதும் தம்புசாமியின் வேலை.

முதல் நாள் எட்டுப் பேரும் எட்டு நேரத்தில் தள்ளினார்கள். எதிரே நிறுத்தியிருந்த தோட்டத்து லோரி அசையவே இல்லை.

தம்புசாமி சிறிது யோசித்தான். வெள்ளிக்கிழமைப் பாட்டில் இந்த எட்டுப் பேரும் அடியின் முடிவில் ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறார்களே. அது யார் சொல்லிக் கொடுத்தது? “முதுகு பலகை மாதிரி இருக்கட்டும். முட்டியை மடக்குங்க. காலைச் சின்னதா எடுத்து வைங்க. நான் ஒரு அடி பாடுறேன். அடி முடியுற இடத்துல, எங்க மூச்சு விடுவீங்களோ, அங்க தள்ளுங்க” என்றான்.

கொல்லிப் பண்ணில் ஓர் அடியை மெல்ல இழுத்தான். அடி முடிந்தது. எட்டு மூச்சும் ஒரு மூச்சாயின. லோரி முனகிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது.

வேலிக்கு அப்பால் காவல் நின்றவனே கைதட்டிவிட்டான். “பாடுறான் மேன்! நம்ம ஊர் மாதிரி பாடுறான்!” என்று ஈவான்ஸ் துரை தொப்பியை வானில் எறிந்தார், அது கோயில் கூரையில் தங்கிவிட்டது.

மறுநாள்தான் உண்மையான இடர் வந்தது. அன்று தம்புசாமி பந்தை உருட்டினான். சின்னத்தம்பி காலை வீசிக் கொத்தினான். பந்து பின்னே போயிற்று. அவன் குதிகால் மருதமுத்துவின் முழங்காலில் பட்டது. அடுத்த கணம் அவன், “ஐயோ பெரியப்பா!” என்று தோளிலிருந்த கையை உருவி, பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கை உருவியதும் முன்வரிசை சரிந்தது. மருதமுத்து சரிந்தபோது அவர் கால் இருளாண்டியின் தோளில் இடித்தது. அவர் வயதில் மூத்தவர்தான். ஆனால் இருளாண்டி அம்மனுக்கு மாலை போட்டு விரதம் இருக்கிறவன். “மாலை போட்டவன் மேல கால் பட்டுருச்சே!” என்று கிடந்தபடியே அவன் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அவன் பதறிப்போய், “நீங்க என்னைத் தொடலாமா மாமா!” என்று திரும்ப அவர் காலைத் தொட்டான். எட்டுப் பேரும் சேற்றில் புரண்டபடி ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“என்ன மேன் இது? கோயிலா? விளையாட்டா?” என்று கத்தினார் ஈவான்ஸ் துரை.

மூன்று நாளும் இதே கதை. கால் பட்டால் கை தானே போகிறது. அதைத் திட்டித் திருத்த முடியாது என்பது தம்புசாமிக்குத் தெரியும். பந்து உருட்டும்போது தன் கால் யார்மேலாவது பட்டால் தன் கையும் அப்படியே போகிறதே! அது தாய்ப்பாலோடு வந்த பழக்கம். விடச் சொல்வது பாவம். விடாமல் ஸ்கிரம் நிற்காது.

வெள்ளிக்கிழமை பூசை முடிவில், அறிந்தும் அறியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுத்தருள வேண்டுமென்று அம்மன் முன்னே வணங்கி நின்றான். குனிந்த தலை நிமிரும்போது முகத்தில் சிரிப்பு பரவியது.

மறுநாள் ஸ்கிரமுக்கு முன்பு எண்மரையும் வட்டமாக நிற்க வைத்தான். “செஞ்ச பிழைக்கெல்லாம் சேர்த்து ஒரே கும்பிடாப் போடுறோம்ல? அதுமாதிரி, படப்போற மிதிக்கெல்லாம் இப்பவே சேர்த்துக் கேட்டுக்குவோம். ஒருத்தர ஒருத்தர் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குங்க. அதுக்கப்புறம் என்ன பட்டாலும் கணக்குத் தீர்ந்தது. கை உருவக் கூடாது.”

மருதமுத்து தாடையைச் சொறிந்தார். “செய்யப்போற தப்புக்கு முன்னாடியே மன்னிப்பா? அப்ப கள்ளுக்கடைக்குப் போறதுக்கு முன்னாடியே உங்க அத்தைகிட்டக் கேட்டுட்டுப் போலாம்லா?”

“கேட்டுப் பாருங்க மாமா. அத்தையும் முன்னாடியே விளக்குமாத்தை எடுத்துக்குவாங்க.”

எட்டுப் பேரும் சிரித்துக்கொண்டே ஒருவர் முழங்காலை ஒருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு குனிந்தார்கள். சின்னத்தம்பியின் கால் மூன்று முறை மருதமுத்துவை உதைத்தது, கை அசையவில்லை. லோரி ஸ்டோர் சுவரில் போய் முட்டி நின்றது.

லைன்-அவுட்டும் பழகினார்கள். பந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டால் இரு அணியும் இரு வரிசையாய் அருகருகே நிற்க, வெளியிலிருந்து நடுவே எறியப்படும் பந்தை எம்பிப் பிடிப்பது அது. முன்னே நிற்பவனுக்கா, நடுவிலா, பின்னாலா என்பதை எதிரி அறியாமல் சொல்லவேண்டும். முன்னவனுக்கு அல்லி, நடுவிலுள்ள இருளாண்டிக்கு முல்லை, பின்னவனுக்குத் தாமரை என்று பெயர் வைத்தான் தம்புசாமி. பூவின் பெயரைக் கூவினால் வெள்ளைக்காரனுக்கு என்ன விளங்கும் என்பது அவன் எண்ணம்.

ஆட்டத்து அன்று, போலீஸ் வண்டி காவலாய் முன்னே செல்ல, இரண்டு லோரி நிறையத் தோட்டமே மலாக்காவுக்கு வந்தது. கமலவேணி ஜெயாவின் பின்னலில் மல்லிகை சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கடற்காற்று திடலின் புல்லைத் தடவிக்கொண்டிருந்தது. எண்மரும் துரை வாங்கிக் கொடுத்த கான்வாஸ் சப்பாத்தைக் காலில் மாட்டிப் புதுமாப்பிள்ளை போலப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். எதிரே போலீஸ் அணி: வெள்ளைக்காரர்கள், மலாய்க்காரர்கள், ஒரு சீக்கியர், நடுவரிசையில் அப்துல் லத்தீப் என்னும் கார்ப்பரல்.

முதல் லைன்-அவுட். “முல்லை!” என்று கூவினான் தம்புசாமி. இருளாண்டி எம்பினான். அவனுக்கு முன்பே லத்தீப் எம்பிப் பந்தைப் பறித்துக்கொண்டு போனார்.

இரண்டாவது. “தாமரை!” லத்தீப் பின்னால் ஓடிப் பறித்தார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, “அண்ணே, அடுத்தது அல்லியா? எங்க வாப்பா மலாக்காப் பசார்ல நாப்பது வருசமா கடை வெச்சிருக்காருலா. தமிழ் தெரியாம வியாபாரமா?” என்றார்.

தம்புசாமிக்கு முகம் சுருங்கியது. கங்காணி, “மாப்பிள்ளை, பூக்கடையை மூடுங்க” என்று பல்லைக் கடித்தார்.

சரி, ஸ்கிரம் இருக்கிறதே! முதல் ஸ்கிரமுக்குக் குனிந்தார்கள். தம்புசாமி பாட்டின் அடியை முணுமுணுத்துப் பந்தை உருட்டினான். எட்டு மூச்சும் இணைந்தன. போலீஸ் ஸ்கிரம் ஓர் அங்குலம் பின்வாங்கியது. மலாக்காவில் ஒருவரும் காணாத காட்சி! திடலே எழுந்து நின்றது. அந்த நேரம் பார்த்துச் சின்னத்தம்பியின் சப்பாத்து எதிரே குனிந்திருந்த கார்ட்டர் துரையின் கணுக்காலில் ‘டக்’கென்று பட்டது.

தன் எட்டுப் பேரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால் இது வேற்றுக் கால்! கேட்கவே இல்லையே! சின்னத்தம்பியின் கை காற்றாய் உருவி, கார்ட்டரின் கணுக்காலைத் தொட்டு, கண்ணில் ஒற்றியது. ஸ்கிரம் மொத்தமும் மடிந்து விழுந்தது.

நடுவர் விசில் ஊதினார். திடல் முழுதும் சிரிப்பு. தண்டனை உதையில் போலீஸ் அணிக்கு மூன்று புள்ளி. அடுத்த ஸ்கிரமில் மருதமுத்துவே சீக்கியரின் பாதத்தை மிதித்துவிட்டு, “மன்னிச்சுக்குங்க பாயி!” என்று கையை எடுத்தார், அதுவும் மடிந்தது. எழுந்து சேற்றைத் துப்பிய கார்ட்டர், “ஒரு சொல்லுக்கு நகர்கிறவர்கள்!” என்றார் தம்புசாமியைப் பார்த்து.

இடைவேளை. ஆரஞ்சுச் சுளைகள் தட்டிலேயே கிடந்தன. கோட்டோரம் ஜெயா, பின்னலைச் சுழற்றி மல்லிகையைக் காற்றில் தூவிக்கொண்டிருந்தாள். அந்தப் பின்னலைப் பார்க்கத் தம்புசாமிக்குக் கண் கூசியது. பங்குனிக்கு இன்னும் சில வாரந்தான். இன்று விட்டால் ஐந்தாம் ஆண்டும் தாய் கம்பியைப் பார்த்துத் திரும்புவாள்.

சின்னத்தம்பி அழும் நிலையில் இருந்தான். “ஐயா, என்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடுங்க. கை அதுவாப் போவுது.”

“உன் கை சரியாத்தான் போவுது” என்றான் தம்புசாமி. “தப்பு என்னுது. வட்டத்தைச் சின்னதாப் போட்டுட்டேன். மிதிபடப் போறவங்க எட்டுப் பேரு இல்ல, பதினாறு பேரு. எழுந்திருங்க.”

எண்மரும் அவன் பின்னே வரிசையாய்த் திடலின் நடுக்கோட்டைத் தாண்டிப் போனார்கள். ஆரஞ்சு சப்பிக்கொண்டிருந்த போலீஸ் அணியினர், சண்டைக்கு வருகிறார்களோ என்று எழுந்தார்கள். மருதமுத்து கார்ட்டர் துரையின் முன் குனிந்து, அவர் முழங்காலைத் தொட்டுத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவரிடம் போனார். பின்னால் சின்னத்தம்பி, அவன் பின்னால் இருளாண்டி. எட்டுப் பேரும் எட்டுப் பேரையும் தொட்டார்கள்.

கார்ட்டர் லத்தீப்பைப் பார்த்தார். “இது என்ன? சரணடைகிறார்களா?”

லத்தீப்புக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இல்லை, ஐயா. மன்னிப்புக் கேட்கிறார்கள்.”

“நடந்ததற்கா?”

“இனிமேல் நடக்கப் போவதற்கு!”

கார்ட்டரின் கையில் ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றது. அதற்குள் மருதமுத்து லத்தீப்பிடமும் வந்து முழங்காலைத் தொட்டார். “தம்பி, உங்களுக்கு ரெண்டு தடவை கேட்டுக்கிறேன். பூக்கடைக் கணக்கு ஒண்ணு தனியா இருக்கு.”

இரண்டாம் பாதியில் லைன்-அவுட்டுக்குப் பூக்கள் உதிர்ந்துவிட்டன. தம்புசாமி சொல்லே எடுக்கவில்லை. வாய்க்குள் பதிகப் பண் ஒன்றை முனகினான். காந்தாரம் என்றால் முன்னவன், கொல்லி என்றால் இருளாண்டி, நட்டபாடை என்றால் பின்னவன். வெள்ளிதோறும் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இரண்டு சுரமே போதும். பந்தை எறிகிறவர் ஈவான்ஸ் துரையின் உதவி நிர்வாகியான சின்னதுரை; அவருக்குப் பண் தெரியாது. அவர் இருளாண்டியின் தோள் அசைவைப் பார்த்து எறிந்தார். இருளாண்டி வானத்திலிருந்து நுங்கு பறிப்பதுபோலப் பறித்தான்.

“அண்ணே, இது எந்த ஊர்த் தமிழ்?” என்று கேட்டார் லத்தீப்.

“கோயில் தமிழ், தம்பி. கடையில கெடைக்காது.”

ஆட்டம் முடியும் தறுவாயில் அப்படிப் பறித்த ஒரு பந்து போலீஸ் கோட்டருகே போயிற்று. அவர்கள் தடுமாறி அதை முன்னே தவறவிட்டார்கள். விசில். கோட்டுக்கு ஐந்து கஜம் முன்னால் ஸ்கிரம், உருட்டுவது தம்புசாமி.

குனிந்தார்கள். பதினாறு தோள்கள் பூட்டிக்கொண்டன. பாற்கடலை இருபுறமும் நின்று கடைந்தவர்கள் இப்படித்தான் மூச்சு வாங்கியிருப்பார்கள். தம்புசாமி அடியைத் தொடங்கினான். இம்முறை முனகலாக அன்று. வாய்விட்டு, சந்நிதியில் பாடுவதுபோலப் பாடினான். கோட்டோரம் நின்ற தோட்டத்து மக்கள் தம்மை அறியாமலே அடுத்த அடியைப் பிடித்துக்கொண்டார்கள். கமலவேணியின் குரல் எல்லோரையும் மீறி ஒலித்தது. ஈவான்ஸ் துரை, சொல் புரியாமல், தம் ஊர்த் தோத்திரக் குரலில் கீழ்ச்சுருதி போட்டார். அடி முடிந்தது.

தள்ளினார்கள். சின்னத்தம்பியின் சப்பாத்து கார்ட்டரின் கணுக்காலில் மறுபடி ‘டக்’கென்று பட்டது. கை அசையவில்லை. மருதமுத்து சீக்கியரை மிதித்தார், கை அசையவில்லை. இரண்டாம் அடி, இன்னொரு மூச்சு. போலீஸ் ஸ்கிரம் குதிகாலால் புல்லைக் கிழித்துக்கொண்டு பின்னே போயிற்று. மூன்றாம் அடிக்கு வெள்ளைக் கோடு அவர்கள் காலடியில் மறைந்தது. பின்வரிசையின் காலிடையே கிடந்த பந்தின்மேல் தம்புசாமி குப்புற விழுந்தான்.

அவன்மேல் பதினாறு பேரும் விழுந்தார்கள். மூச்சுத் திணறலுக்கு நடுவே யார் யாரையோ தொட்டுக் கண்ணில் ஒற்றும் கைகளை அவன் உணர்ந்தான். ஸ்கிரம் முடிந்துவிட்டதல்லவா; இனி எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஆட்டக் கணக்கில் போலீஸ் அணியே வென்றது. அதை நினைவு வைத்திருந்தவர் ஒருவருமில்லை. கார்ட்டர் நொண்டிக்கொண்டே வந்து தம்புசாமியின் கையைக் குலுக்கி, “பகல் வெளிச்சத்தில் போய்வரவேண்டும். என் அணியையே காவலுக்கு அழைத்து வருகிறேன்” என்றார்.

பங்குனியில் வாசல் அகலத் திறந்தது. தேர் கம்பிவேலியைத் தாண்டியபோது பெண்கள் இட்ட குலவை மரக்காட்டின் மறுபுறம் கேட்டிருக்கும். தாண்டிய சற்று நேரத்தில், முதல்நாள் மழையில் ஊறிய செம்மண் வளைவில் ஒரு சக்கரம் அச்சு வரை புதைந்தது. வடம் இழுத்தும் வரவில்லை. மருதமுத்து பின்னால் ஓடினார். எண்மரும் தேரின் பின்கட்டையில் தோளைக் கொடுத்துப் பின்னிக்கொண்டார்கள். தேர் முனகியதே தவிர எழவில்லை.

கார்ட்டர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பாதிப்பேரைக் காவலில் நிறுத்திவிட்டு, துப்பாக்கியை லத்தீப்பின் கையில் கொடுத்துவிட்டு, காலணியைக் கழற்றினார். தேரடியில் காலணி ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் வெறுங்காலில் நிற்பதை அவரே பார்த்திருந்தார். சேற்றில் இறங்கி மருதமுத்துவின் பின்னே வந்தவர், குனிவதற்கு முன் தயங்கி, கங்காணியின் முழங்காலைத் தொட்டுத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மருதமுத்து திகைத்துத் திரும்பினார். “என்னா துரை, இன்னும் ஒண்ணும் படலையே?”

லத்தீப் மொழிபெயர்த்தார். கார்ட்டர் தம் கணுக்காலைச் சுட்டிக்காட்டிச் சொன்ன பதிலையும் மொழிபெயர்த்தார்: “படப்போகுதாம், அண்ணே. பழைய பாக்கி இருக்குன்னு சொல்றாரு.”

அந்தச் சிரிப்பிலேயே பாதிச் சேறு இளகியது. தம்புசாமி அடியை எடுத்தான். அடி முடிந்த இடத்தில் அம்மன் எழுந்தாள். மணிகள் குலுங்க ஆற்றை நோக்கி நடந்தாள்.

தேர் நிழலில் நாவிதர் முன்னே வரிசையாய் அமர்ந்த பிள்ளைகளில் ஜெயாதான் முதல். நான்கு ஆண்டுப் பின்னல் மல்லிகையோடு தாம்பாளத்தில் விழுந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு அவள் எழுந்து ஓடிவந்தபோது மருதமுத்து, “டேய் சின்னத்தம்பி, அது பந்து இல்லடா! காலைக் கட்டு!” என்று கூவினார்.

கமலவேணி பழக்கதோஷத்தில் இடுப்பிலிருந்து சீப்பை எடுத்துவிட்டாள். எடுத்த கையோடு மகளின் தலையைப் பார்த்தாள், சீப்பைப் பார்த்தாள், பக்கத்தில், உச்சி முதல் செம்மண் அப்பித் தலைமுடி சடையாய் முறுகி நின்ற கணவனைப் பார்த்தாள்.

“உக்காருங்க” என்றாள். “சிக்கெடுக்கணும்.”